ஈரமின்மைச் சான்றிதழ்

திருச்சி மன்னார்புரத்தில் இருக்கிற மாவட்டக் கிணறு மற்றும் நீர்நிலை ஆவணக் காப்பு அலுவலகத்தின் பதிவறைச் சாவி, எழுத்தர் தமிழ்மணியின் இடுப்பில் ஏறிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஏறியது ஏறியதுதான், இறங்கவில்லை. 'சாவிப் பொறுப்பாளர் பணி நேரத்தில் எக்காரணம் கொண்டும் சாவியைத் தம் உடலிலிருந்து பிரித்தல் ஆகாது' என்று நடைமுறைக் கையேட்டின் நாற்பத்தேழாம் விதி சொல்கிறது. பணி நேரம் எதுவரை என்று அந்த விதி சொல்லவில்லை. தமிழ்மணியோ வாசலில் தபால்காரர் குரல் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிற ஆள். எதற்கு வம்பு என்று இருபத்துநாலு மணி நேரத்தையும் பணி நேரமாகவே வைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டிக்கு மேல் சாவி தொங்கியது. மாமனார் காரியத்திலும் தொங்கியது.

இதில் ஒரே ஒரு கஷ்டம். அவர் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் அம்மா மண்டபத்துப் படித்துறை. ஆனாலும் சாவி ஆற்றோடு போய்விடுமோ என்ற பயத்தில் பத்தொன்பது வருடமாக அவர் காவிரியில் தலை முழுகியது கிடையாது. ஆடிப் பதினெட்டு அன்று ஊரே ஆற்றில் கிடக்கும். தமிழ்மணி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கையால் சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மூன்று செம்பு ஊற்றிக்கொண்டு கரையேறுவார். பார்த்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மனைவி ஆனந்தவள்ளி மட்டும் சிரிக்க மாட்டாள்.

"பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க," என்பாள்.

"ரிட்டயர் ஆகட்டும் வள்ளி. அப்புறம் பாரு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூணு முங்கு."

அந்த நாள் நெருங்கிவிட்டது. இந்த வருடம் ஜூலை முப்பத்தொன்று அவர் பணி ஓய்வு. அதிலிருந்து மூன்றாம் நாள் ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து, காவிரியும் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்மணிக்கு வேண்டியதெல்லாம், முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு, கையில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு எதுவும் வாங்காமல், வீடு போய்ச் சேருவது. நம் அலுவலகங்களில் கடைசி நாளன்று மாலைக்கு முன்னால் உத்தரவு வந்துவிடுகிற வழக்கம் உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே ஜூன் மாதத்திலிருந்தே மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அலுவலர் ஹரிஹரசுதன் விடுப்பில் அந்தமான் போய்விட்டு வந்தார்.

போகும்போது அவர் சாதாரண அலுவலராகத்தான் போனார். வரும்போது ஸ்கூபா வீரராக வந்தார். முதுகில் காற்று உருளையோடு நாற்பது நிமிஷம் கடலுக்குள் இருந்தாராம். ஒரு மஞ்சள் மீன் அவர் முகத்தை உற்றுப் பார்க்கிற படம் மூன்றடிக்கு இரண்டடி அளவில் அவர் நாற்காலிக்குப் பின்னால் மாட்டப்பட்டது. மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அவரைப் பார்த்தார்கள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருச்சிக்கே அந்த வருடம் ஸ்கூபா பிடித்திருந்தது. முந்தின வருடம் சைக்கிள். அதற்கு முந்தின வருடம் செக்கு எண்ணெய். இந்த வருடம் தண்ணீருக்கு அடியில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பத்தில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள் என்று தில்லை நகரில் பேச்சு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை வாங்கினால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர் புகாத பை ஒன்று இலவசம். போனையும் வீட்டுச் சாவியையும் அதில் போட்டுக்கொண்டு, குழாயடிக்குக் கூடப் போகாதவர்கள் எல்லாம் பெரிய கடை வீதியில் வெயிலில் நடந்தார்கள்.

கடல் இல்லாத ஊரில் இதெல்லாம் எங்கே நடந்தது என்று கேட்பீர்கள். ஸ்ரீரங்கம் தீவில், கொள்ளிடக் கரையோரம், வாழைத் தோப்பு ஒன்றின் நடுவே ஒரு பழைய பாசனக் கிணறு இருக்கிறது. நாற்பதடி அகலம், முப்பதடி ஆழம். பாலக்கரைக்காரர் பெனடிக்ட் அதைக் குத்தகைக்கு எடுத்து ஸ்கூபா பயிற்சி நிலையம் நடத்தினார். தூத்துக்குடியில் பதினைந்து வருடம் கடலில் முங்கித் தொழில் கற்றவர். கிணற்றில் ஆறு விரால் மீன்களும் ஒரு ஆமையும் உண்டு. ஆமையோடு படம் எடுக்கத் தனிக் கட்டணம்.

ஜூலை முதல் வாரத்தில் ஹரிஹரசுதன் ஒரு சுற்றறிக்கை விட்டார். 'நீர்நிலைகளின் ஆவணங்களைக் காத்து வரும் பணியாளர் ஒவ்வொருவரும் தம் பணிக்காலத்தில் ஒரு முறையேனும் நீர்நிலையினுள் இருந்து பார்த்தல் இன்றியமையாதது. ஆகவே பணியாளர் மனவள ஆழ்நீர்ப் பயிற்சி இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. பயிற்சி நேரம் பணி நேரமாகக் கருதப்படும்.'

மொத்தம் பதினொரு பணியாளர்கள். மறுநாளே பத்துப் பேர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். காது, சைனஸ், தலைசுற்றல், ஒருவருக்கு ஆடி விரதம். கடைசி மாதத்தில் எதற்கு வம்பு என்று சான்றிதழ் கொடுக்காமல் இருந்தவர் தமிழ்மணி ஒருவர்தான். ஆகவே முதல் அணியில் அவர் ஒருவரே இருந்தார். இரண்டாவது அணி கிடையாது.

தமிழ்மணி அலுவலர் அறைக்குப் போய் மீனுக்கு முன்னால் நின்றார்.

"சார், சாவி?"

"என்ன சாவி?"

"பதிவறைச் சாவி சார். இடுப்புல இருக்கு."

"கழட்டி யார்கிட்டயாவது குடுத்துட்டு இறங்குங்க."

"பயிற்சி நேரம் பணி நேரம்னு போட்டிருக்கீங்க சார். விதி நாற்பத்தேழு..."

ஹரிஹரசுதன் கையேட்டை வாங்கிப் படித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப சாவியும் இறங்கித்தான் ஆகணும்."

"நனைஞ்சா போயிடும் சார். இது மின்னணுச் சாவி."

இங்கே சாவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு பதிவறையை நவீனமாக்கினார்கள். இரும்புப் பூட்டைக் கழற்றிவிட்டு மின்னணுப் பூட்டு மாட்டினார்கள். சாவி என்பது கறுப்பு நிறத்தில் பிஸ்கட் அளவு ஒரு வில்லை. கதவில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து, 'டிங்' என்று ஓசை வரும். தமிழ்மணி கதவைத் தள்ளித் திறப்பார். மாற்றுச் சாவி ஒன்றும் உண்டு. அது தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக, அலுவலகத்திலேயே பாதுகாப்பான இடமான பதிவறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.

"நனையக் கூடாது," என்றார் ஹரிஹரசுதன்.

"சரி சார்."

"நனையக் கூடாதுன்னு எழுத்துல போட்டுடலாம். ஒரு குழு அமைச்சுடலாம். அப்புறம், ஆபீஸ் போனும் உங்ககூட வரணும். மணிக்கு ஒரு தரம் வருகைச் செயலியில முகத்தைக் காட்டணுமில்ல?"

உலர்நிலை உறுதிக் குழு அன்றைக்கே அமைந்தது. தலைவர் ஹரிஹரசுதன். உறுப்பினர்கள் கண்காணிப்பாளர் பானுமதியும் தமிழ்மணியும். பானுமதி முப்பது வருடம் அரக்கு உருக்கிய அம்மாள். அவர் கை வைத்துச் சீல் போட்ட உறையை நீதிமன்றமே கத்தரிக்கோலோடு போராடித்தான் திறக்க வேண்டும் என்று பெயர் எடுத்தவர்.

குழு ஜீப்பில் ஏறி வாழைத் தோப்புக்குப் போனது. பெனடிக்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தோப்பு ஓரத்துத் தென்னை மரத்தைக் காட்டினார்.

"அந்த ஆணியில தொங்குது பாருங்க, அது என் பைக் சாவி. நான் இத்தனை வருஷமா முங்குறேன். அது ஒரு நாளும் முங்கினதில்ல. கரையில வெச்சுட்டு இறங்குறதுதாங்க வழி."

"விதியில இடமில்லை," என்றார் பானுமதி.

"கழுத்துல மாட்டுற பை போதாதா?" என்று கேட்டார் ஹரிஹரசுதன். அவர் கழுத்திலேயே ஒன்று தொங்கியது.

"அது மழைக்கு சார். மிஞ்சிப் போனா குளிக்கிறதுக்கு. ஆழம் போகப் போக தண்ணி அமுக்கும், பை தாங்காது." பெனடிக்ட் உள்ளே போய்க் கண்ணாடி போல் தெரியும் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தார். மூடி விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. "இதுல வெக்கலாம். ஆனா இந்த வளையம்தாங்க இதோட உசிரு. இதுல ஒரு மணல், ஒரு தலைமுடி குறுக்க விழுந்தாக்கூட தண்ணி உள்ள வந்துடும். துடைச்சு, கிரீஸ் தடவி, கண்ணால பார்த்து மூடணும். முதல்ல உள்ள டிஷ்யூ பேப்பர் மட்டும் போட்டு இறக்கிப் பாருங்க."

அப்படியே செய்தார்கள். கயிற்றில் கட்டி முப்பதடிக்கு இறக்கி, அரை மணி நேரம் கழித்துத் தூக்கினார்கள். டிஷ்யூ பேப்பர் மொரமொரவென்று இருந்தது. ஹரிஹரசுதன் கைதட்டினார். அந்த இடத்திலேயே மூன்று பிரதிகளில் ஈரமின்மைச் சான்றிதழ் எழுதப்பட்டது. 'மேற்படி பெட்டியினுள் வைக்கப்படும் சாவி, நீரில் மூழ்கிய நிலையிலும் உலர்ந்த நிலையில் இருந்தது, இருக்கிறது, இருக்கும் எனச் சான்றளிக்கப்படுகிறது.' மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"எல்லாம் சரி," என்றார் பானுமதி. "சீல் எங்க?"

"எதுக்குங்க?" என்றார் பெனடிக்ட்.

"அரசாங்கச் சாவி உள்ள இருக்கு. யார் வேணா மூடியைத் திறந்துடலாமே. நூல் கட்டி அரக்கு வெக்கணும்."

"வெளியில சுத்திக் கட்டிக்குங்க மேடம்."

"வெளியில கட்டினா உருவிடலாம். நூலோட ஒரு முனை சாவியில முடிச்சுப் போட்டு, மூடி வழியா வெளிய வந்து, அதுமேல அரக்கு விழணும். அதுதான் முறை."

பெனடிக்ட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "தலைமுடியே ஆகாதுன்னு இப்பத்தான சொன்னேன்! நீங்க சணல் விடுறேங்கிறீங்க. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே தண்ணி உள்ள வந்துடுங்க!"

"சோதனையில வரலையே. சான்றிதழ் போட்டாச்சே."

"சோதனையில நூல் இல்லையே மேடம்!"

"டிஷ்யூ பேப்பர் அரசு ஆவணம் இல்ல. அதுக்குச் சீல் தேவையில்ல," என்றார் பானுமதி. ஹரிஹரசுதன் இதில் நியாயம் இருப்பதாகத் தலையாட்டினார். தமிழ்மணிக்குப் பெனடிக்ட் சொன்னது நன்றாகவே புரிந்தது. முப்பத்தொன்றாம் தேதியை நினைத்துக்கொண்டு அவரும் தலையாட்டினார்.

இருபத்தைந்தாம் தேதி காலை பத்தரை மணி. கிணற்றங்கரையில் பெட்டிக்குள் சாவியும், போனும், சான்றிதழின் ஒரு பிரதியும் வைத்து மூடினார்கள். நூல் வளையத்தின் மேல் ஏறி வெளியே வந்தது. அதன்மேல் செக்கச்செவேலென்று அரக்கு விழுந்தது. பெட்டியைத் தமிழ்மணியின் இடுப்புப் பட்டையில் மாட்டினார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்து ஹரிஹரசுதன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பெனடிக்ட், தமிழ்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார்.

கழுத்துவரை பயம்தான். தலை உள்ளே போனதும் பயம் காணாமல் போய்விட்டது. பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் தமிழ்மணியின் உச்சந்தலை தண்ணீருக்குள் இருந்தது. பச்சை வெளிச்சம், தன் மூச்சின் சத்தம், அவ்வளவுதான். ஃபைல் கேட்க ஆள் இல்லை, தபால் கொண்டு வர ஆள் இல்லை. ஒரு விரால் மீன் வந்து அவரைப் பார்த்துவிட்டு, மனு எதுவும் கொடுக்காமல் போயிற்று. ஒரு முழு நிமிஷம் அவர் சாவியையே மறந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை, ஆனந்தவள்ளியிடம் தவிர.

மணி பதினொன்று ஆனது. பெட்டிக்குள் போன் விழித்துக்கொண்டு, 'உங்கள் முகத்தைக் காட்டவும்' என்றது. தமிழ்மணி குனிந்து கண்ணாடியும் குழாயும் மாட்டிய முகத்தைக் காட்டினார். 'முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.' மீண்டும் முயன்றார். அப்போதுதான் பார்த்தார். நூலின் மேல் ஒரு சொட்டு. அது நூலைப் பிடித்துக்கொண்டே நிதானமாக நடந்து வந்து சாவியின் மேல் உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் அவை வரிசையில் நிற்கவில்லை, ஒன்றாகவே வந்துவிட்டன. போன் ஒரு தடவை மினுங்கி அணைந்தது.

மேலே வந்ததும் பெனடிக்ட் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினார். "உடனே திறங்க! நல்ல தண்ணியில அலசித் துடைச்சுக் காய வெச்சா பொழைச்சாலும் பொழைக்கும். நேரமாச்சுன்னா உள்ள அரிச்சுடும்!"

பானுமதி பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே பாதிக்குத் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

"சீல் உடையலை," என்றார் பெருமையாக.

"சீல் உடையாம தண்ணி எப்படி உள்ள போகும்?" என்றார் ஹரிஹரசுதன்.

"போக முடியாது சார்."

"அப்ப உள்ள இருக்கிறது?"

பானுமதி யோசித்தார். "காணப்படும் திரவம்னு எழுதிக்கலாம் சார். தண்ணின்னு நாமளா முடிவு பண்ண முடியாது."

"ஐயோ, திறங்கய்யா முதல்ல!" என்றார் பெனடிக்ட்.

"சீலைப் பிரிக்கணும்னா முத்திரைப் பிரிப்புப் படிவம் வேணும்."

"அது எங்க இருக்கு?"

"பதிவறையில."

"பதிவறையைத் திறக்க?"

குழு முழுவதும் பெட்டியைப் பார்த்தது.

தமிழ்மணியின் விரல் நூலின் மேல் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். சாவி பிழைக்கும். ஆனால் அரக்கு உடையும். அரசு முத்திரையை அனுமதியின்றி உடைத்த குற்றத்துக்குக் கடைசி நாளில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். உடைக்காவிட்டால் சாவி சாகும். பதிவறை திறக்காது. அவருடைய பணிப் பதிவேடு உள்ளே மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. அது இல்லாமல் அவரைப் பணியிலிருந்து விடுவிக்க முடியாது. முப்பத்துநாலு வருட சர்வீஸில் எதையும் உடைக்காத விரல் அது. நூலை விட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு போனார். ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளே தண்ணீர் சலசலத்தது. பக்கத்து சீட்காரர், "அலங்கார மீனாங்க?" என்று கேட்டார். தமிழ்மணி ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

படிவத்துக்கு மாற்றாகத் தனி அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அனுமதி முப்பத்தொன்றாம் தேதி பகல் மூன்று மணிக்கு வந்தது. அலுவலகமே பதிவறை வாசலில் கூடியது. மேஜையில் ரோஜா மாலையும் சால்வையும் இருந்தன. பார்வையாளர் பெஞ்சில் ஆனந்தவள்ளி புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வள்ளிக்கண்ணு. முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற விவசாயி. கிணற்றுப் பங்குப் பத்திரத்தின் நகல் கிடைத்தால்தான் அவளுக்கு மோட்டாருக்குக் கரண்ட் கிடைக்கும். அதற்காக ஐந்து மாதமாக நடக்கிறாள். பெட்டி திறப்பதற்காகக் கடைசி ஒரு வாரம் தினமும் வந்தாள்.

பானுமதி அரக்கை உடைத்தார். டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது. போன் செத்திருந்தது. சான்றிதழ் கூழாகியிருந்தது, 'இருக்கும்' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. தமிழ்மணி வில்லையைத் துடைத்துக் கதவில் காட்டினார். பச்சை விளக்கு இல்லை. 'டிங்' இல்லை. திருப்பிக் காட்டினார். வேட்டியில் தேய்த்துக் காட்டினார். கடைசியில் கும்பிட்டும் காட்டினார்.

"போச்சு," என்றார் ஹரிஹரசுதன். "பணிப் பதிவேடு இல்லாம விடுவிக்க முடியாது தமிழ்மணி. கதவை உடைக்கணும்னா கட்டடப் பிரிவு அனுமதி வேணும். கட்டட ஃபைல் எங்க இருக்கு?"

அதுவும் பதிவறைக்குள்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவுப் பணியாளர் மாரியாயி விளக்குமாறோடு வந்தாள். "கொஞ்சம் ஒதுங்குங்க சார். காலையில விட்டுப்போச்சு, கூட்டிட்டுப் போயிடறேன்," என்று சொல்லிக்கொண்டே தோளால் கதவை ஒரு இடி இடித்தாள். கதவு திறந்தது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"எப்படிம்மா திறந்தே?" என்றார் ஹரிஹரசுதன்.

"தள்ளினேன் சார்."

"பூட்டியிருக்கே!"

"எங்க சார் பூட்டியிருக்கு? பூட்டுக்காரர் கதவுல பூட்டை மாட்டிட்டுப் போனாரு. நிலையில தாழ்ப்பாள் போறதுக்கு ஓட்டை போடுறது ஆசாரி வேலைன்னாரு. ஆசாரி இன்னும் வரலை. மழையில மரம் உப்பி இறுகிப் போய் நிக்குது, அவ்வளவுதான். ரெண்டு வருஷமா காலையில எட்டரைக்குத் தள்ளிட்டுத்தான் உள்ள போறேன்."

"ஏன் மாரியாயி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார் தமிழ்மணி, கையிலிருந்த வில்லையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க டிங்குனு சத்தம் வெச்சுட்டுத் தள்ளுவீங்க. சாமி கும்பிடுற மாதிரி அது உங்க பழக்கம்னு நினைச்சேன் சார்."

தமிழ்மணிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. மூன்றாவது அலமாரியில் அவர் பணிப் பதிவேட்டின் முதுகு வாசலிலிருந்தே தெரிந்தது. ஆனந்தவள்ளி எழுந்து நின்றுவிட்டாள். அவர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம்," என்றார் பானுமதி.

அவர் கையில் சாவிப் பதிவேடு இருந்தது. அதில் தினமும் சாயங்காலம் தமிழ்மணி, 'பதிவறை பூட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பானுமதி, 'சரிபார்க்கப்பட்டது' என்று போடுவார். மாதம் ஒரு முறை ஹரிஹரசுதன், 'கண்ணுற்றேன்' என்று போடுவார்.

"இந்தக் கதவு பூட்டலைன்னா, ரெண்டு வருஷமா நாம மூணு பேரும் தினம் பொய்ச் சான்று குடுத்திருக்கோம் சார்."

ஹரிஹரசுதன் திறந்த கதவைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"அப்ப மூணு பேருக்கும்..."

"இன்னைக்கே உத்தரவு வரும் சார்."

ஹரிஹரசுதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கதவு பூட்டியிருக்கு," என்றார்.

குழு நின்ற இடத்திலேயே கூடியது. தீர்மானம் எழுதப்பட்டது. 'பதிவறைக் கதவு பூட்டிய நிலையில் உள்ளது. அவ்வப்போது திறந்தது போன்ற தோற்றம் காற்றினால் ஏற்படுவது. உரிய சாவியால் முறைப்படி திறக்கப்படும் வரை எவரும் உள்ளே செல்லலாகாது. அதுவரை சாவிப் பொறுப்பாளரைப் பணியிலிருந்து விடுவிக்க இயலாது. சாவி, சான்றிதழின் அலுவலகப் பிரதியின்படி உலர்ந்த நிலையில் உள்ளதால், தொடர்ந்து அவ்வாறே பராமரிக்கப்பட வேண்டும்.'

ஹரிஹரசுதன் கையெழுத்துப் போட்டார். பானுமதி போட்டார். பேனா தமிழ்மணியிடம் வந்தது. மூன்று தப்படியில் அவர் பதிவேடு இருந்தது. நுழைந்து எடுத்தால் பணிநீக்கம். கையெழுத்துப் போட்டால் பணிநீட்டிப்பு. பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மாலை ஒரு வாளித் தண்ணீரில் வைக்கப்பட்டது. செத்த சாவி மறுபடி இடுப்பில் ஏறியது.

வள்ளிக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அலமாரியில் அவள் ஊர்ப் பெயர் ஒட்டிய கட்டு அவளுக்கே தெரிந்தது.

"ஐயா, என் நகல்?"

"பதிவறை பூட்டியிருக்கும்மா," என்றார் ஹரிஹரசுதன்.

"அப்படிங்களா. எப்பங்க திறப்பாங்க?"

"அறிவிப்பு வரும்."

அவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே இன்னும் ஏழெட்டுப் பேர் டோக்கனைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டு, திறந்த கதவைப் பார்த்தபடி கதவு திறக்கக் காத்திருந்தார்கள். காற்றில் கதவு படார் படார் என்று அடித்தது. வள்ளிக்கண்ணு எழுந்து போய் அதை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஃபைலெல்லாம் தூசி ஆயிடும்ல," என்றாள் பக்கத்தில் இருந்தவரிடம். அவரும் ஆமாம் என்றார்.

மூன்றாம் நாள் ஆடிப் பதினெட்டு. "வர மாட்டேன்" என்று அடம்பிடித்த தமிழ்மணியை ஆனந்தவள்ளி இழுத்துக்கொண்டு போனாள். அம்மா மண்டபத்தில் கூட்டம் பிதுங்கியது. காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டே முழங்கால் தண்ணீரில் இறங்கினார். வழக்கம்போல் சாவியைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

சிரிப்பே வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். படித்துறை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கான பேர் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் தண்ணீர் புகாத பை. அந்தப் பை நனைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் அதை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் செம்பில் மொண்டு மூன்று தடவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நட்ட நடுவில் ஹரிஹரசுதனும் நின்றார். காவிரி யார் தலையையும் தொடாமல் எல்லார் முழங்காலையும் கழுவிக்கொண்டு போனது.

ஆனந்தவள்ளி படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏங்க, ஊரே உங்க ஆபீஸ்ல சேந்துடுச்சா?" என்று கேட்டாள். அப்புறம் வீட்டுச் சாவியைப் படியில் வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டாள். கரையேறி வந்து பார்த்தால், சாவி வைத்த இடத்திலேயே காய்ந்துபோய்க் கிடந்தது.